ஐந்தாவது பீப்பாயில் மூன்று விரல் குறைவு

"நாலு மணிக்கு போலீஸ் மார்ஷல் வந்துடுவாரு. அதுக்குள்ள வேற யாராவது திருடன்னு தெரிஞ்சாகணும். இல்லேன்னா இல்ஹாம் அக்காதான் திருடி. அம்மா முடிவே பண்ணிட்டாங்க."

கார் ஜன்னலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நீவெஸ் மலகோலி இப்படிச் சொன்னபோது மணி பன்னிரண்டே முக்கால். நான் இன்னும் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. மொதேனாவிலிருந்து மொந்தெகோர்னோ வரை நாற்பத்தேழு வளைவுகள். ஒவ்வொன்றிலும் என் வயிறு மதியச் சாப்பாட்டை ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தது. வந்து இறங்கினால் வரவேற்பு இப்படி.

"மார்ஷல் ஏன் நாலு மணிக்கு வராரு? திருட்டுன்னா உடனே வர வேணாமா?" என்றேன்.

"சனிக்கிழமை. அவர் வீட்ல லசாஞ்ஞா விருந்து."

"அப்ப நாலரை ஆகும்" என்றபடி இறங்கினார் ஆர்ஜியா மேடம்.

ஆர்ஜியா வெந்துரெல்லி. அறுபது வயது, ஒன்றரை ஆள் உயரம், அரை ஆள் பருமன். இருபத்தைந்து வருடம் அரசாங்கத்தில் உணவுக் கலப்படத்தைப் பிடிக்கும் வேலை பார்த்தவர். ஆலிவ் எண்ணெயை முகர்ந்து பார்த்தே எந்த மலைச்சரிவு என்று சொல்லுவார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு சலவைக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டிருக்கிறார். நான் ப்ரீமோ சனாசி, அவருடைய உதவியாளன். டிரைவரும் நானே, டைப்பிஸ்டும் நானே, திட்டு வாங்குவதும் நானே.

நடந்ததை நீவெஸ் முற்றத்தைக் கடப்பதற்குள் சொல்லி முடித்தாள்.

அவள் அம்மா எர்சிலியா மலகோலி இந்தப் பண்ணையில் சமையல் சுற்றுலா நடத்துகிறாள். ஆறு விருந்தாளிகள், ஒரு வாரம். மாவு பிசைவார்கள், பாஸ்தா மடிப்பார்கள், பன்றித் தொடையைத் தட்டிப் பார்ப்பார்கள், ஊருக்குப் போய்ப் பீற்றிக்கொள்வார்கள். வியாழக்கிழமை அவர்களைப் பரணுக்கு ஏற்றி, நீவெஸ் பெயர் எழுதிய வினிகர் பீப்பாய் வரிசையில் கடைசிச் சின்னதிலிருந்து ஆளுக்கு ஒரு சொட்டு ருசி காட்டினாள் எர்சிலியா. இருபத்தெட்டு வருடத்துச் சரக்கு, தேன் பதத்துக்குச் சுண்டியது. ஒருவர் அழுதேவிட்டாராம். அதனால் இன்று காலை மறுபடி ஏறினார்கள். அதே பீப்பாய், அதே கரண்டி. மிலானிலிருந்து வந்திருந்த தொர்னாகி என்ற வியாபாரி நாக்கில் வைத்த உடனே முகத்தைச் சுளித்தார்.

"அன்னிக்குக் கொடுத்தது இது இல்லையே!"

மற்றவர்களும் ருசித்தார்கள். இல்லைதான். எர்சிலியா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "திருட்டு! என் வீட்ல திருட்டு!" என்று அலறினாள். எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. வேலைக்காரி இல்ஹாமின் இடுப்பில் தொங்கிய பரண் சாவிக்கு.

"அக்கா பத்து வருஷமா எங்க வீட்ல இருக்காங்க" என்றாள் நீவெஸ். "மொராக்கோவிலிருந்து வந்து முதல்ல ஏறினது எங்க வீட்டுப் படிதான். திங்கட்கிழமை மொதேனாவில தங்கும் அனுமதி புதுப்பிக்கிற நாள். பேர்ல ஒரு திருட்டுப் புகார் ஏறிடுச்சுன்னா கதை முடிஞ்சுது. அனுப்பிடுவாங்க."

"உனக்கு எப்பக் கல்யாணம்?" என்று திடீரென்று கேட்டார் மேடம்.

"இன்னும் ரெண்டு வாரம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாசல்ல கல்யாணத்துக்குக் கொடுக்கற சர்க்கரைப் பாதாம் பெட்டி அடுக்கியிருக்கே. பையன் எந்த ஊர்?"

நீவெஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெஜ்ஜோ பக்கம்."

நான் தொப்பியைக் கழற்றினேன். "ஐயோ பாவம்."

"ப்ரீமோ!"

"இல்ல மேடம், பொண்ணைச் சொல்லலை. பீப்பாயைச் சொன்னேன்." எங்கள் பக்கத்தில் பெண் பிறந்தால் ஒரு பீப்பாய் வரிசை போடுவார்கள். கல்யாணமானால் அது பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போகும். ரெஜ்ஜோக்காரர்களும் வினிகர் போடுகிறார்கள். அதைப் பற்றி ஒரு மொதேனாக்காரன் வாயைத் திறக்காமல் இருப்பதே மரியாதை. "பீப்பாயை ஏத்த எப்ப லாரி வருது?"

"வர்ற வியாழக்கிழமை" என்றாள் நீவெஸ்.

முற்றத்தில் செம்புக் கொப்பரையில் வினிகருக்கான திராட்சைச் சாறு காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது. குளவிகள் மொய்த்தன. கிளறுவதற்கு ஆளில்லை. திருட்டு வந்த வீட்டில் யாரும் யாரையும் விட்டு நகரத் தயாராக இல்லை போலும்.

சாப்பாட்டு அறையில் நுழைந்ததும் அது உறுதியானது. ஆறு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருவர் பையை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டாள். சூப்பில் மிதந்த தொர்தெல்லீனி பாஸ்தாவை யாரும் புகழவில்லை. சமையல் சுற்றுலாவில் இதைவிடப் பெரிய துக்கம் உண்டா?

எர்சிலியா மேஜைத் தலைமாட்டில் நின்றிருந்தாள். அறுபதைத் தாண்டியவள். கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்பு உடை, கரண்டியைச் செங்கோல் மாதிரி பிடித்த கை.

"உங்களை யாரு கூப்பிட்டது?"

"நான்தாம்மா" என்றாள் நீவெஸ்.

"மார்ஷல் வராருல்ல? இன்னும் எதுக்கு ரெண்டு பேர்?"

"மார்ஷலுக்கு நாக்கு கிடையாது. அவர் தெற்கத்திக்காரர்" என்றேன். "எங்க மேடத்துக்கு உண்டு. எனக்கு வயிறு உண்டு. தட்டு போடறீங்களா?"

மொதேனா வீட்டில் வந்தவனுக்குத் தட்டு இல்லை என்று சொல்ல முடியாது. போட்டாள். சும்மா சொல்லக்கூடாது, கோபத்தில் செய்த தொர்தெல்லீனிக்கே அந்த ருசி. ரெண்டு தட்டு காலி செய்தேன். பிறகு மாட்டிறைச்சி, பிறகு செர்ரிப் பணியாரம், பிறகு காப்பி. அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. எர்சிலியா தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மேடம் காதில் முணுமுணுத்தேன். "பார்த்தீங்களா அநியாயத்தை? நொச்சீனோ கிடையாதாம்."

பச்சை வால்நட்டை ஊற வைத்துச் செய்யும் கறுப்பு மது. இந்த மலையில் அது இல்லாமல் எந்த மதியச் சாப்பாடும் முடிந்ததாக நான் பார்த்ததில்லை. சவ ஊர்வலத்துக்குப் போனால்கூட ஒரு குட்டி கிளாஸ் நீட்டுவார்கள்.

"உன் பிரச்சினை உனக்கு. எழுந்திரு, பரணைப் பார்ப்போம்" என்றார் மேடம்.

பரணைத் திறக்க இல்ஹாம் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். அழுது முடித்த கண். ஆனால் குரல் நடுங்கவில்லை.

"சாவி எப்பவும் உன்கிட்டதானா?" என்று மேடம் ஏணியில் ஏறிக்கொண்டே கேட்டார்.

"வெள்ளிக்கிழமை தவிர. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. சமையலறை ஆணியில மாட்டிட்டு சஸ்ஸுவோலோல இருக்கற தங்கச்சி வீட்டுக்குப் போவேன். நேத்தும் போனேன்."

"பையோட?"

"பெரிய பையோட." இல்ஹாம் கசப்பாகச் சிரித்தாள். "அம்மா அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. அதுல என்ன இருந்துச்சு தெரியுமா? தங்கச்சி குழந்தைக்குத் தைச்ச ரெண்டு கவுனும் சீமைமாதுளம்பழமும். யாரு நம்பறா?"

"நேத்து வீட்ல யார் யார் இருந்தாங்க?"

"விருந்தாளிங்க எல்லாரையும் நீவெஸ் சீஸ் பண்ற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா. மிலான்காரர் மட்டும் வயித்து வலின்னு படுத்திருந்தாராம். அப்புறம் அம்மா."

மிலான்காரர். நான் மனசுக்குள் கைவிலங்கு மாட்டிவிட்டேன். வியாழக்கிழமை ருசி பார்த்ததும் அந்தப் பீப்பாயை என்ன விலை கேட்டாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று குதித்தவர் அவர்தான் என்று நீவெஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

பரண் சூடாக இருந்தது. ஓட்டுக்கு நேர் கீழே இரண்டு வரிசை. ஒன்று எர்சிலியாவுடையது, அவள் பிறந்தபோது போட்டது. இன்னொன்றில் சுண்ணாம்பால் 'நீவெஸ்' என்று எழுதியிருந்தது. ஐந்து பீப்பாய்கள், பெரிசிலிருந்து சின்னது வரை. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைத் துணி, துணி பறக்காமல் ஒரு ஆற்றுக்கல்.

"இந்தத் துணி யார் துவைக்கறது?"

"நான்தான். துவைச்சு ஏணி உச்சியில வெப்பேன். அம்மா வாங்கிப் போடுவாங்க. பீப்பாயைத் தொட எனக்கு அனுமதி இல்ல."

"ருசி பார்த்திருக்கியா?"

"பத்து வருஷத்துல ஒரு சொட்டுகூட இல்ல."

மேடம் பையிலிருந்து பீங்கான் கரண்டியும் ஒரு மெல்லிய மரக்குச்சியும் எடுத்தார். முதலில் எர்சிலியா வரிசை. கல்லை நகர்த்தி, துணியை விலக்கி, குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தார். ஐந்திலும் பார்த்தார். அடுத்து நீவெஸ் வரிசை. அதே குச்சி. அப்புறம் சின்னதிலிருந்து பெரிசு வரை ஒவ்வொரு சொட்டாக நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் பொறுமையாக எண்பது வரை எண்ணினேன்.

"மேடம், சொர்க்கத்துக்குப் போயிட்டீங்களா, இங்கதான் இருக்கீங்களா?"

"யாரும் கடை வினிகர் ஊத்தலை ப்ரீமோ."

"பின்னே?"

"எல்லாம் இதே வரிசைச் சரக்கு. ஆனா ஒவ்வொண்ணும் ஒரு படி கீழ இறங்கியிருக்கு. சின்னதுல இருக்க வேண்டியது அதுல இல்ல. ரெண்டாவதுல இருக்க வேண்டியது சின்னதுல இருக்கு. மூணாவதோடது ரெண்டாவதுல." குச்சியில் ஈரம் பட்ட இடத்தை விரலால் அளந்தார். "இங்க பாரு. முதல் நாலு பீப்பாயும் ததும்பாம, குறையாம, சரியான கோட்டுல நிக்குது. அஞ்சாவது பெரிசுல மட்டும் மூணு விரல் குறைவு."

"அஞ்சாவதுலேர்ந்து திருடிட்டான்?"

"சின்னதிலேர்ந்துதான் திருடினான். கிட்டத்தட்ட ஆறு லிட்டர். இப்ப எனக்கு ஒரு கேள்விதான். ஆறு லிட்டர் கறுப்புத் தண்ணியை ஒரு வீட்ல எங்க ஒளிக்கலாம்?"

"அதை நான் கண்டுபிடிக்கறேன்" என்று சூளுரைத்துக் கீழே இறங்கினேன். இறங்கிய வேகத்தில் ஏணியின் கடைசிப் படியைத் தவறவிட்டேன் என்பதை மேடம் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மிலான்காரர் தொர்னாகி முற்றத்தில் புகைபிடித்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் முன்னால் நின்றேன்.

"வயித்து வலி எப்படி இருக்கு? ஆறு லிட்டர் தூக்கினா இடுப்புதானே வலிக்கும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு மூளை வாடகைக்கா, சொந்தமா? நான் திருடியிருந்தா, ருசி மாறிடுச்சுன்னு முதல் ஆளா நானே ஏன்யா கத்தறேன்? வாயை மூடிட்டு ஊருக்குப் போயிருக்க மாட்டேனா?"

நியாயம்தான். இருந்தாலும் சந்தேகமாகப் பார்த்துவிட்டே நகர்ந்தேன். தொழில் தர்மம்.

அடுத்த வேட்டை பெரிசாக மாட்டியது. டெட்லெஃப் என்ற ஜெர்மானியர், ஓய்வு பெற்ற பல் டாக்டர், ஜன்னலோரம் உட்கார்ந்து பையைத் திறந்து எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வரிசையாகக் குட்டிக் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருந்தது. ஒன்றில் கன்னங்கரேலென்று ஏதோ.

"மேடம்! மாட்டினான்!" என்று வீடே அதிரக் கத்தினேன்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். எர்சிலியாவும் வந்தாள். புட்டியைப் பார்த்த கணத்தில் அவள் முகம் ஏன் வெளுத்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

டெட்லெஃப் எழுந்து நின்று மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவர் எங்கள் மொழியைப் புத்தகத்தில் கற்றவர். "ஐயா, தாங்கள் தவறாக எண்ணுகிறீர்கள். நான் உண்பவற்றிலெல்லாம் சிறிது சேகரிப்பது வழக்கம். இது வியாழக்கிழமை மதிய உணவின் முடிவில் அம்மையார் அளித்த வால்நட் மதுவாகும்."

மேடம் புட்டியை வாங்கிச் சாய்த்தார். கறுப்பு சளசளவென்று ஓடியது. முகர்ந்தார். "நொச்சீனோதான். மன்னிச்சுக்கோங்க டாக்டர். எங்காளு பசியில இருக்கான்."

"ரெண்டு தட்டு சாப்பிட்டாரு" என்றார் தொர்னாகி.

"இந்த நோட்டுப் புத்தகம்?" என்று பைக்குள் இருந்த தடித்த நோட்டைக் காட்டி மேடம் கேட்டார்.

"நிகழ்ச்சிகளைக் குறித்துக்கொள்வேன். நிமிட வாரியாக."

அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மேடம் அவரைத் தனியாகத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், அவர் பக்கம் பக்கமாகப் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது மணி மூன்றே முக்கால். மேடம் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. ஆலிவ் எண்ணெய்க்காரன் டப்பாவில் சோயா எண்ணெயைக் கண்டுபிடிக்கும்போது வருமே, அது.

"எல்லாரையும் சாப்பாட்டு அறைக்கு வரச் சொல்லு. இல்ஹாமும் வரணும். அவ உட்காரணும், நிக்கக்கூடாது."

எல்லோரும் வந்தார்கள். இல்ஹாம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நீவெஸ் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். எர்சிலியா உட்காரவே இல்லை.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றாள்.

"முடிஞ்ச மாதிரிதான்" என்றார் மேடம். "அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேண்டுகோள். நம்ம ப்ரீமோ ரெண்டு மணியிலேர்ந்து புலம்பிட்டு இருக்கான். அவனுக்கு ஒரு கிளாஸ் நொச்சீனோ கொடுத்தா நல்லா இருக்கும்."

எர்சிலியாவின் கரண்டிக் கை அப்படியே நின்றது. "தீர்ந்துபோச்சு."

"இந்த வருஷத்துது தீர்ந்திருக்கலாம். போன வருஷத்துது?"

"அதுவும்தான்."

"அம்மா, பீரோல ஆறு பாட்டில் இருக்கே" என்றாள் நீவெஸ் வெள்ளையாக. "காலையில பார்த்தேன்."

"அந்த பீரோவை நான் தொடறதே இல்ல" என்று இல்ஹாம் அவசரமாகச் சொன்னாள். "மது வைக்கிற பீரோன்னு துடைக்கக்கூடத் திறக்க மாட்டேன். அம்மாவுக்கே தெரியும்."

"தெரியும். நல்லாவே தெரியும்" என்றார் மேடம். "ப்ரீமோ, போய் எடு."

பீரோ அந்த அறையிலேயே இருந்தது. ஆறு உயரமான பச்சை பாட்டில்கள். ஒன்றை எடுத்து வந்து கிளாஸில் சாய்த்தேன். வரவில்லை. இன்னும் சாய்த்தேன். பாட்டில் கழுத்தில் ஒரு கறுப்பு நாக்கு மெதுவாக நீண்டது, தயங்கியது, தேன் போலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே இறங்கியது. செர்ரி மரம், பழைய மரம், கொதித்த திராட்சை எல்லாம் சேர்ந்த அந்த வாசனை மேஜை முழுக்கப் பரவியது.

தொர்னாகி துள்ளி எழுந்தார். "இதுதான்! வியாழக்கிழமை கொடுத்தது இதுதான்!"

எல்லோர் கண்ணும் இப்போது எர்சிலியா பக்கம் திரும்பியது.

"இதை யாரோ வெச்சிருக்காங்க" என்றாள் எர்சிலியா. "என் மேல பழி போட."

"அப்படியும் இருக்கலாம்னு நானும் யோசிச்சேன்" என்றார் மேடம். "அப்புறம் பீப்பாயைக் கேட்டேன். அது பொய் சொல்லலை. கோடை முழுக்க அந்தப் பரண்ல வெயில் காய்ஞ்சிருக்கு. அக்டோபர்ல எந்தப் பீப்பாயும் ஒரு விரலாவது இறங்கித்தான் இருக்கணும். உங்க வரிசை அஞ்சும் இறங்கியிருக்கு. நீவெஸ் வரிசையில நாலு மட்டும் ஜனவரியில நிரப்பின கோட்டுலயே நிக்குது. எப்படி?"

எர்சிலியா அந்தப் பச்சை பாட்டிலையே பார்த்தாள்.

"வெளியாள்னா எடுத்துட்டு ஓடியிருப்பான். மிஞ்சிப்போனா கடை வினிகரை ஊத்தி மூடியிருப்பான். இந்தத் திருடருக்கு மனசு கேட்கலை. சின்னப் பீப்பாயைக் காலியா விட்டா மரம் காய்ஞ்சு வெடிச்சிடுமே! ரெண்டாவதிலேர்ந்து அதை நிரப்பினாங்க. மூணாவதிலேர்ந்து ரெண்டாவதை. அப்படியே கடைசி வரைக்கும், ஒவ்வொரு ஜனவரியும் செய்யற மாதிரி. கையும் பழக்கப்படி ஜனவரிக் கோட்டுல வந்து நின்னுடுச்சு. திருடறப்போகூட ஒழுங்கா வேலை பார்த்திருக்காங்க. அந்தக் கை இந்த வீட்ல ரெண்டு பேருக்குத்தான் உண்டு. நீவெஸ் நேத்து முழுக்க விருந்தாளிங்களோட சீஸ் பட்டறையில இருந்தா."

டெட்லெஃப் இருமினார். "குறிப்பு ஒன்றையும் சொல்லலாமா? வியாழனன்று அம்மையார் முதல் சொட்டைத் தாம் ருசித்த பின்னரே எங்களுக்கு அளித்தார். 'இந்த வீட்டு வழக்கம்' என்றும் கூறினார். இன்று ருசிக்கவில்லை."

"ருசிக்க வேண்டிய அவசியம் இல்ல டாக்டர்" என்றார் மேடம். "என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்."

எர்சிலியா மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கரண்டியை மேஜையில் வைத்தாள். அதுவரை அவள் கையில் கரண்டி இல்லாமல் நான் பார்க்கவில்லை.

"என் புருஷன் ஈவோ ஊத்தினது அது" என்றாள். யாரையும் பார்க்கவில்லை. "இவ பிறந்த வாரம், முற்றத்துல இதே கொப்பரையில காய்ச்சி, தோள்ல சுமந்து ஏத்தினான். இவளுக்கு ஆறு வயசுல போய்ச் சேர்ந்தான். அவன் கை பட்டதுன்னு இந்த வீட்ல மிஞ்சினது அது ஒண்ணுதான். அதை ரெஜ்ஜோக்காரன் வீட்டுப் பரண்ல கொண்டுபோய் வெப்பாங்களாம். நான் பார்த்துட்டு நிக்கணுமாம். பொண்ணைக் கொடுத்தேன். அதை எப்படிக் கொடுக்க?"

"என்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேம்மா" என்றாள் நீவெஸ்.

எர்சிலியா மேஜையில் கிடந்த கரண்டியைத் தள்ளி வைத்தாள்.

"யாருக்கும் தெரியாமப் போயிருக்கும்" என்றாள். "இந்த மிலான்காரன் நாக்கு எல்லார் முன்னாடியும் காட்டிக் கொடுத்துடுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியலை. வாயில திருட்டுன்னு வந்துடுச்சு. வந்ததுக்கப்புறம்..."

"வந்ததுக்கப்புறம் என் இடுப்பைப் பார்த்தீங்க" என்றாள் இல்ஹாம்.

வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம். மார்ஷல் காபுத்தோ வயிற்றைத் தடவிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மணி நாலு இருபத்தைந்து. மேடம் சொன்னது ஐந்து நிமிடத்தில் தப்பியது.

"என்ன, திருடன் மாட்டினானா?"

எர்சிலியா எழுந்தாள். அந்த ஒரு விஷயத்துக்கு அவளை மெச்ச வேண்டும். குரல் உடையவில்லை. "திருடி நான்தான். இல்ஹாம் இல்ல. எழுதிக்கோங்க."

மார்ஷல் பேந்தப் பேந்த விழித்தார். "சொந்த வீட்டு வினிகரைச் சொந்தக்காரியே எடுத்தா நான் என்னத்தை எழுத?"

"சொந்தக்காரி அவங்க இல்ல. பீப்பாய்ல பேர் இருக்கு, பொண்ணோட பேர்" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

எல்லோரும் நீவெஸைப் பார்த்தார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு தலையை ஆட்டினாள். "நான் புகார் கொடுக்கலை. ஆனா முடிவு என்னுது இல்ல. அக்கா சொல்லட்டும்."

இல்ஹாம் எர்சிலியாவை நிமிர்ந்து பார்த்தாள். எர்சிலியா கரண்டியை எடுத்து, கிளாஸில் தேங்கியிருந்த கறுப்பில் தோய்த்து, மேஜைக்குக் குறுக்கே அவளிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கோம்மா. பத்து வருஷமாக் கொடுக்காதது. தப்புதான்."

இல்ஹாம் அந்தக் கரண்டியை அப்படியே அவள் பக்கம் திருப்பினாள்.

"முதல் சொட்டு உங்களுக்கு. இந்த வீட்டு வழக்கம் அதுதானே?"

எர்சிலியா வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கொப்பரைப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இல்ஹாம் மார்ஷல் பக்கம் திரும்பினாள். "சார், எனக்கு ஒரு காகிதம் வேணும். இல்ஹாம் பெரடா பேர்ல எந்தப் புகாரும் இல்ல, திருடலை, பத்து வருஷமா வேலை பார்க்கறா, இனியும் பார்க்கறான்னு. அம்மா கையெழுத்துப் போடணும். நீங்க முத்திரை குத்தணும். திங்கட்கிழமை காலையில எடுத்துட்டுப் போகணும்."

மார்ஷல் மேடத்தைப் பார்த்தார். மேடம் பேனாவை நீட்டினார். அவர் எழுதினார். எர்சிலியா கையெழுத்துப் போட்டாள். மார்ஷல் முத்திரையை ஜீப்பிலிருந்து எடுத்து வந்து குத்தினார். இல்ஹாம் காகிதத்தை ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்து, நாலாக மடித்து, உடைக்குள் வைத்துக்கொண்டாள்.

எர்சிலியா தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். "சாவியைக் கொடு. பாட்டில்ல இருக்கறதை மறுபடி பீப்பாய்ல ஊத்திட்டு வந்துடறேன்."

இல்ஹாம் எழுந்தாள். இடுப்புச் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும். இனிமே மேல ஏறணும்னா என்னைக் கேளுங்க. நான் வந்து திறந்து விடறேன்."

எர்சிலியா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"சரி" என்றாள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும், தன் வீட்டுப் பரணுக்கு ஏற அனுமதி கேட்டாள். "இப்ப வர்றியா?"

"கொப்பரை அடிப்பிடிக்குது. அதைக் கிளறிட்டு வரேன். நீங்க இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு இல்ஹாம் முற்றத்துக்குப் போனாள்.